வெற்றிலை கொடுத்த பேச்சு

கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், குடியை விட்டவர்கள் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிக்கிறவங்க கூட்டமா? அதோ, அந்தச் சந்துல திரும்பு. காலைலயே கூடிக்கினு கீறாங்க."

அந்தச் சந்தில் ஒயின்ஷாப் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"குடிக்கிறவங்க இல்லண்ணா, வுட்டவங்க," என்றேன்.

"வுட்டவங்க எதுக்கும்மா கூட்டம் போடப் போறாங்க? வூட்ல இருப்பாங்க."

நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தேன்.

அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. வயிறு வீங்கி வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்து, வயிற்றிலிருந்து நீர் எடுத்து, ஒருவழியாக எழுந்து நடக்கிற நிலையில் வீட்டுக்கு வந்திருந்தார். அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் எழுதியிருந்த சீட்டை நான் படித்துக் கேள்வி கேட்டதை அவர் பார்த்திருந்தார். "மறுபடி குடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி அவர்தான் செய்யணும்," என்றார். அந்த மீதியை எங்கே போய்க் கேட்பது என்றேன். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். வார்டில் இருந்த நர்ஸ்தான், கண்ணமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ கூட்டம் நடக்கிறதாம், ஒரு நோயாளி சொன்னார், எந்த இடம் என்று தெரியாது, விசாரித்துப் பார் என்றார்.

விசாரிப்பது எனக்குப் பிடித்த வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலையில் உண்டு உறைவிடப் பள்ளி, பிறகு திருவண்ணாமலையில் கல்லூரி, இப்போது ஊருக்குப் பக்கத்தில் பெண்கள் குழு நடத்தும் சாமை சுத்தம் செய்கிற ஆலையில் மேற்பார்வை. எங்கள் ஊரில் யாருக்கு எந்த ஆபீசில் என்ன ஆகவேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவரை எப்படி நிமிர்ந்து பார்க்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்கு ஜன்னலே இல்லை. போனில் தேடினால் வேலூர் எண்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது, மற்றொன்று உபயோகத்தில் இல்லை. போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. இடம் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்ல வருகிறவர்களுக்கு இடம் தெரியாது. யார் யார் வருகிறார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெயரை மறைப்பது என்பதே மலையில் நடக்காத காரியம். எங்கள் ஊரில் யார் எப்போது குடித்தார்கள் என்பதை ஆடு மேய்க்கிறவர்கள் முதற்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

டீக்கடையை விட்டு வந்து, அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கண்ணாடி மேல் கவிழ்க்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது?"

"எங்க அப்பா."

"இன்னும் குடிக்கிறாரா?"

முன்பின் தெரியாதவர் இப்படிக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இவர் கேட்டதில் வம்பு இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து இன்னும் இல்ல. இங்க ஏதோ கூட்டம் நடக்குதுன்னாங்க. அத்ததான் தேடிக்கினு கீறேன்."

"அவருக்கு வரணும்னு கீதா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப மொதல்ல நீ வா. வூட்டு ஆளுங்களும் வரலாம். ஞாயித்துக்கிழமை காலைல, பின்தெரு பள்ளிக்கூடம்," என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பெஞ்சு போடுறது நான்தான்," என்றார். நகலுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு அது. கரும்பலகையில் மாங்காய் வரைந்து பக்கத்தில் 'மா' என்று எழுதியிருந்தது. பெரிய பெரிய ஆண்கள் தாழ்ந்த பெஞ்சுகளில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். லாரி டிரைவர் ஒருவர், கொத்தனார் ஒருவர், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்த ஒருவர். ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். மற்றவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான். யாரும் குறுக்கே பேசவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை, இனிமேல் இப்படிச் செய் என்று சொல்லவும் இல்லை. ஒருவர் முடித்ததும் கொஞ்சம் அமைதி, பிறகு அடுத்தவர்.

அவர்கள் பேசியதை எழுத மாட்டேன். அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னார்கள். அப்பாவைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது. ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் கேட்டேன். "பேரு போடாத. தலைல முடி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிக்கோ," என்றார். அவருக்கு அடர்த்தியான முடி.

மலைக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"யாரு நாயம் சொல்றது?"

"யாரும் சொல்ல மாட்டாங்கப்பா."

"தெண்டம்?"

"தெண்டமும் கிடையாது."

"நாயமும் இல்ல, தெண்டமும் இல்லன்னா அது இன்னா கூட்டம்?"

அப்பா இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் நான்கு பேரில் அவர் ஒருவர். எல்லை வழக்கு, ஆடு மேய்ந்த வழக்கு, புருஷன் பெண்டாட்டி வழக்கு என்று எதுவானாலும் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசி, தப்பு செய்தவருக்குத் தெண்டம் என்று அபராதம் போடுவார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த வழக்கில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். எத்தனை குடித்தாலும், நியாயம் சொல்ல உட்காருகிற அன்றைக்கு மட்டும் தொட மாட்டேன் என்று மார் தட்டிச் சொல்வார். ஊரும் அதை நம்பியது. கடைசி ஒரு வருஷமாகத்தான் யாரும் கூப்பிடவில்லை.

அதனால் அவர் கண்ணமங்கலத்துக்கு வரச் சம்மதித்தது குடியை விடுவதற்காக அல்ல. மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டுக்காரர்கள் எப்படிப் பஞ்சாயத்து நடத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் இருவரும் பஸ்ஸில் வரும்போது அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "சும்மா," என்றார். அமிர்தியில் இறங்கி அடுத்த பஸ் மாறினோம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கரும்பலகையை, பெஞ்சை, சுவரில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் சுற்றிப் பார்த்தார். "இங்கதான் படிச்சியா?" என்று கேட்டார். இல்லை, இதுபோல ஒன்றில் என்றேன். உட்காரத் தெரியாமல் பெஞ்சின் மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததை லாரி டிரைவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார், ஆகவே எழுதலாம். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைப் பற்றி அவர் பேசி முடித்தார். வழக்கமான அமைதி வந்தது. அந்த அமைதி தனக்காகத்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இதுல அந்தம்மா மேல தப்பு ஒன்னியும் இல்ல. இவரு மாமனார் வூட்டு வாசல்ல போய் நின்னு, கூப்ட்டு, இட்டுக்கினு வரணும். மொத வாட்டின்றதால தெண்டம் வோணாம்."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "ஐயா, இங்க யாருக்கும் யாரும் நாயம் சொல்றதில்லீங்க."

"சொல்லலைன்னா அவரு எப்படி எந்திரிச்சி வூட்டுக்குப் போவாரு?"

"பரவால்ல இருக்கட்டும்ணா," என்றார் டிரைவர். "இத்தினி வருஷம் பேசிக்கினு கீறேன், இன்னிக்குத்தான் தீர்ப்பு வந்துகீது." வெள்ளைச் சட்டைக்காரர்கூடச் சிரித்தார்.

அப்பாவின் முறை வந்தது. அவர் பெஞ்சிலிருந்து இறங்கி நடுவில் போய் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் தடுக்க நேரம் இல்லை. "தப்பு என்னுது," என்றார். சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, துணிப்பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருந்தார்.

எங்கள் பஞ்சாயத்து முறை அதுதான். தப்பு செய்தவன் ஒப்புக்கொண்டு விழுந்து வெற்றிலை கொடுப்பான். சபை வாங்கி மென்றுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது. சண்டையில் வாய்தவறிப் பெண்டாட்டி எடுத்தாலும் தெண்டம் அவளுக்குத்தான். சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன், நல்ல முறை என்றுதான் நினைத்திருக்கிறேன். ஒருவனை அவன் செய்த தப்போடு காலம் முழுக்கக் கட்டிவைக்காத முறை.

பஸ்ஸில் ஏறியதும் அப்பா, "முடிஞ்சிபோச்சி," என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "வெத்தல குடுத்தாச்சி, மறுபடி இன்னாத்துக்கு?" என்றார். அதற்கடுத்த வாரமும் அதே பதில். நான் விளக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். முடிந்த பேச்சை எடுக்கிறேன் என்பது அதன் அர்த்தம். குடி என்ற சொல்லே வீட்டுக்குள் இல்லாமல் போனது. அம்மாவின் பாடுதான் கஷ்டம். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் திட்டிப் பழகிய வாய். இப்போது திட்டவும் முடியாது, திட்டக் காரணமும் இல்லை. ஆட்டைக் கட்டும்போது, "உனக்கெல்லாம் வெத்தல ஒரு கேடா," என்று ஆட்டிடம் சொல்வாள். அப்பாவுக்குக் காது கேட்காததுபோல் இருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்து விசாரித்தார். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், குடிக்கவில்லை, ஆனால் வர மாட்டேன் என்கிறார் என்றேன். "ம்," என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். காரியத்தன்று, செத்தவருக்கு ஊற்றிவிட்டு, அதே சரக்கை ஊர்ப் பெரியவர்களுக்கு வயசு வரிசைப்படி கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பா மறுத்தால் செத்தவரை அவமதித்ததாகும். அப்படித்தான் பிறகு சொன்னார். அன்று மத்தியானம் வாங்கிய அந்த ஒரு டம்ளர் சாயங்காலத்துக்குள் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் எழுதத் தேவையில்லை. இந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவர் காலில் வீக்கம் தெரிந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்த அடையாளம் அது.

அப்பா புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போகலாம் வாப்பா என்றேன்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு?"

"அங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உனக்குத் தெரியாது. வெத்தல குடுத்துட்டு மறுபடி அதே தப்ப பண்ணவனுக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. இலையும் கிடையாது, தண்ணியும் கிடையாது, ஊரே சேத்துக்காது. நானே ஒருத்தனுக்கு சொல்லிகீறேன்."

எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. அவர் வராமல் இருந்தது சோம்பலால் அல்ல, அலட்சியத்தால் அல்ல. அவர் சட்டப்படி முதலில் அவர் குற்றம் தீர்ந்திருந்தது. இப்போது அவர் சட்டப்படியே அவருக்கு அங்கே இடம் இல்லை. இரண்டு பக்கமும் கதவை அவரே சாத்தியிருந்தார். அந்தக் கதவைத் திறக்கும் ஆங்கிலம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக இறங்கினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பெஞ்சுகளை வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது எதற்கு, வெற்றிலை எதற்கு, இலை கிடையாது என்றால் என்ன என்று. அவர் முதலில் சிரித்தார். பிறகு பெஞ்சைக் கீழே வைத்தார்.

"அய்யோ, அது அவ்ளோ பெரிய விஷயமா? எங்க யாருக்கும் தெரியாதேம்மா. நான் நாலஞ்சி வாட்டி வுழுந்து எந்திரிச்சவன். யாரும் எனக்கு இலை இல்லைன்னு சொல்லல."

"அவரு நம்ப மாட்டாருண்ணா."

"எனக்கு வெத்தல பழக்கமே இல்ல. பெரியவரு மனசு நோவக் கூடாதுன்னு வாங்கி சட்டப் பையில வெச்சேன். தொவைக்கும்போது எங்க வூட்ல திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

நான் பிடித்திருந்த பெஞ்சை விட்டுவிட்டேன். "நீங்க மெல்லலியா?"

"இல்ல."

"மத்தவங்க?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கூட்டம் முடியும்வரை பொறுத்திருந்து, வெளியே வந்த ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு அந்த வெற்றிலையை என்ன செய்தீர்கள்? கொத்தனார், பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லி வெட்கப்பட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனாராம், அவர் மனைவி போட்டுக்கொண்டாராம். மற்றவர்களும் அப்படி இப்படி என்றுதான் சொன்னார்கள். கடைசியாக டிரைவர்.

"நான் அப்பவே போட்டுட்டனே. நல்ல வெத்தல. உங்க மலையில வெளையுதா?"

திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க, வெற்றிலையை மென்ற அந்த லாரி டிரைவர்தான் என் மனதில் இருந்தார். அவரைச் சொல்லாமல் விட்டுவிடலாம். அப்பாவுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் சாட்சியை மறைத்துச் சொன்ன வழக்கு என்று பின்னால் தெரிந்தால், அதற்குப் பிறகு அவர் என்னை எதற்கும் நம்ப மாட்டார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று முடிவு செய்தேன்.

அப்பா அப்போதும் கட்டிலில்தான் இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நீ குடுத்த வெத்தலய அவங்க மெல்லலப்பா."

சுவரைப் பார்த்தபடியே, "யாருமேவா?" என்றார்.

"கடைக்காரரு பைல வெச்சிட்டாரு. கொத்தனாரு பெஞ்சிலயே வுட்டுட்டாரு. ஒருத்தரு பொண்டாட்டி போட்டுக்கினாங்களாம்."

இப்போது திரும்பிப் படுத்தார். "பொண்டாட்டி சபையில இல்ல. அது கணக்குல வராது."

"பொண்டாட்டி எந்த சபையிலதான் இருந்தா," என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"டிரைவரு மட்டும் மென்னாருப்பா," என்றேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடு அசையும். பழைய வழக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

"ஒருத்தரு மென்னா செல்லாது," என்றார். "சபை மொத்தமும் மெல்லணும். மெல்லலைன்னா பேச்சு முடியல. முடியாத பேச்சின்னா நான் போவலாம்."

எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு வந்தது.

"நல்லா கீதே. என் தம்பி கேசுல ஒரே ஒரு கெழவன் மென்னான். மத்தவங்க கைலயே வெச்சிக்கினு இருந்தாங்க. ஒருத்தரு மென்னா போதும், முடிஞ்சிபோச்சின்னு நீதான சொன்ன? ஊராளுக்கு ஒரு நாயம், உனக்கு ஒரு நாயமா?"

மாமாவின் வழக்கு எனக்கும் தெரியும். ஒரு புளியமரத்தில் அவருக்கு இருந்த பங்கு பற்றியது. எதிராளி கொடுத்த வெற்றிலையோடு பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட, பங்கு அவரிடமே போனது. மாமா கோபித்துக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கக்கூட ஒழுங்காக ஊருக்கு வரவில்லை.

"அது வேற," என்றார் அப்பா.

"இன்னா வேற?"

"வேறன்னா வேற. சும்மா கெட."

அம்மா சும்மா கிடக்கவில்லை. கையில் இருந்த புளியை முறத்தில் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்," என்றார். "வேர்வை ஊத்திச்சி. சீக்கிரம் எந்திரிச்சிப் போவணும்னு இருந்திச்சி. அதான் ஒருத்தரு போதும்னுட்டேன். யாருக்கும் தெரியாது."

நியாயம் சொல்ல உட்காருகிற அன்றைக்கு மட்டும் தொட மாட்டேன் என்பது எங்கள் வீட்டில் சுவர் மாதிரி நின்ற ஒரு பேச்சு. அவர் எத்தனை முறை விழுந்து கிடந்தாலும் அதைச் சொல்லித்தான் நான் பள்ளியில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். அன்று ஒரே ஒரு நாளா, வேறு நாட்களும் உண்டா என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. இடுப்பில் துண்டு கட்டாமல், யார் காலிலும் விழாமல், அழுக்கு லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் சொன்ன முதல் உண்மை அது. பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட பேச்சுகளின் சாயல் அதில் இருந்தது.

அம்மா சிந்தியிருந்த கொட்டைகளைக் கூட்டிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

"இத்த அங்க போய் சொல்லு. என் தம்பி கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாளே அப்பாவை வேலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டினார், மாத்திரையை மாற்றினார், இரண்டு நாள் படுக்க வைத்து அனுப்பினார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் கண்ணமங்கலத்தில் இறங்கினோம். ஒயின்ஷாப் சந்துப் பக்கம் அவர் தலையைத் திருப்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் மட்டும் கால் நின்றுவிட்டது. உள்ளே இருந்து டிரைவர் பார்த்துவிட்டார்.

"வாங்க நாட்டாமை. நீங்க சொன்னபடி மாமனார் வாசல்ல போய் நின்னேன், ரெண்டு நாள் கழிச்சி வந்துட்டா," என்றார்.

அப்பா செருப்பைக் கழற்றினார்.

நானும் பின்னால் நுழையப்போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு ஆளுங்க மட்டும்தாம்மா. மாசத்துல ஒரு நாள்தான் வூட்டு ஆளுங்களோட, நீ உள்ள வந்த ரெண்டு வாட்டியும் அந்த நாளு. நீ அப்படி மரத்தடியில உக்காரு." இத்தனை தூரம் கொண்டுவந்து சேர்த்த எனக்கே கதவா என்று முகம் சுருங்கியிருக்க வேண்டும். "உள்ள பேசறது உள்ள இருக்கணும்ல," என்று சமாதானம் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மரத்தடியில் உட்காரவில்லை. வகுப்பறைச் சுவரை ஒட்டிய நிழலில் நின்றேன். ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. முதலில் டிரைவரின் குரல், அப்புறம் கொத்தனாராக இருக்கலாம். பிறகு அப்பாவின் குரல். வார்த்தைகள் பிடிபடவில்லை. பஞ்சாயத்தில் பேசும்போது அவர் குரல் ஏறி ஏறி வரும், ஒவ்வொரு வாக்கியமும் கல் வைத்தது மாதிரி முடியும். இது அப்படி இல்லை. நடுவில் நின்றது, திரும்ப ஆரம்பித்தது, இன்னொரு பக்கம் போனது. பாதியில் யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுபடி பேசினார். ரொம்ப நேரம் பேசினார். மாமாவைப் பற்றியா, என்னைப் பற்றியா, எனக்கு இதுவரை தெரியாத வேறு எதையாவதா?

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாப்பா பேசின?"

"உனக்கு எதுக்கு அது?" என்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் நடை சரியாக இருந்தது. "பஸ்ஸு போய்டும், வா."

இப்போது அவர் தனியாகவே போய்வருகிறார். புளி உலுக்கும் காலத்தில் ஒரு ஞாயிறு தவறியது, அந்த வாரம் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அடுத்த வாரம் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அங்கே என்ன பேசினாய் என்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்ல மறுக்கிறார். குடும்பத்தில் படித்தவள் நான்தான், எனக்குத் தெரியாத ஒன்று அவரிடம் இருப்பதில் அவருக்கு ஒரு குஷி. கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை.